நமக்கு எந்த ஸ்டேட்?

'ஸ்டேட்' என்பது இங்கிலீஷ் சொல் என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். பிறந்தது அங்கேதான், மறுக்கவில்லை. ஆனால் நம் வீடுகளில் அது சமையல்கட்டு வரைக்கும் வந்து உட்கார்ந்துவிட்ட சொல். பையன் எங்கே இருக்கான்? "ஸ்டேட்ஸ்ல." பொண்ணு பத்தாவதில் எப்படி? "ஸ்டேட் ஃபர்ஸ்ட் வரும்னு டீச்சர் சொல்லிட்டிருந்தாங்க" (2017-ல் தமிழ்நாட்டில் ரேங்க் பட்டியலை நிறுத்தியதோடு இந்தப் பெருமை முடிந்து போயிற்று). எந்தப் பாடத்திட்டம்? "ஸ்டேட் போர்டுதாங்க", இங்கே மட்டும் குரல் கொஞ்சம் இறங்கும். சேமிப்பு? ஸ்டேட் பாங்க். இதில் எதை எடுத்தாலும் 'ஸ்டேட்'டுக்குப் பொருள் வேறு வேறு. ஆனால் யாரும் குழம்புவதில்லை.

குழம்பியவர்கள் உண்டு. குழம்பினார்கள் என்பதைவிட, அந்தச் சொல் அவர்களைப் பிடித்து உலுக்கியது என்று சொல்லலாம். நான் வளர்ந்த திருவனந்தபுரம் அப்படிப்பட்ட ஊர். இந்த ஒற்றைச் சொல் அந்த ஊரில் போட்ட குட்டிக்கரணங்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபியை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

முதலில் ஒரு வீட்டுக் கணக்கு.

எங்கள் பூர்வீக வீடு தக்கலைக்குப் பக்கம். என் பாட்டா (நாஞ்சில் நாட்டுப் பக்கம் தாத்தாவைப் பாட்டா என்போம்) 1921-ல் அந்த வீட்டில் பிறந்தார். ஸ்டேட்: திருவிதாங்கூர். பெரியப்பா 1949 ஆகஸ்டிலும் அப்பா 1953-லும் பிறந்தார்கள். ஸ்டேட்: திருவிதாங்கூர்-கொச்சி. சின்ன அத்தை 1958. ஸ்டேட்: மெட்ராஸ். பெரியப்பா மகன் 1975. ஸ்டேட்: தமிழ்நாடு. ஐந்து பேரும் பிறந்தது ஒரே வீட்டின் ஒரே தெற்கு அறை. வீடு ஓரடி நகரவில்லை, கிணறும் நகரவில்லை. ஆனால் ஐந்து பேருக்கு நான்கு ஸ்டேட்.

இங்கே அமெரிக்காவில் ஏதாவது விண்ணப்பத்தை நிரப்பும்போது அப்பாவின் 'பிறந்த ஸ்டேட்' கேட்பார்கள். சொடுக்கினால் ஒரு பட்டியல் கீழே விரியும். அதில் திருவிதாங்கூர்-கொச்சி இருக்காது. தமிழ்நாடு என்று போட்டுவிட்டு நகர வேண்டியதுதான். ஆனால் அப்பா பிறந்தபோது தமிழ்நாடு என்றொரு ஸ்டேட்டே கிடையாது!

சரி, சொல்லின் பூர்வீகத்தைப் பார்ப்போம்.

லத்தீனில் 'நிற்பது' என்ற வினையிலிருந்து 'நிற்கும் விதம், நிலை' என்ற பொருளில் ஸ்டாட்டுஸ் என்றொரு சொல் வந்தது. அதிலிருந்துதான் ஸ்டேட்டஸ், ஸ்டேட், எஸ்டேட் எல்லாம். அதே நிற்கிற குடும்பத்தில் ஸ்டேஷனும் உண்டு, ஸ்டாச்யுவும் உண்டு. திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு இந்தக் கடைசி ஆளை நன்றாகத் தெரியும். தலைமைச் செயலகத்துக்கு எதிரே உள்ள சந்திப்புக்குப் பெயரே 'ஸ்டாச்யு'. கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூரின் திவானாக 1872 வரை இருந்த டி. மாதவராவின் சிலை அங்கே நிற்கிறது. அவர் காலத்தில்தான் எதிரே உள்ள செயலகக் கட்டடம் எழுந்தது (1869-ல் திறந்தார்கள்). "ஸ்டாச்யுல இறங்கணும்" என்று கண்டக்டரிடம் சொல்லும் யாருக்கும் அது ஒரு மனிதரின் சிலை என்ற நினைப்பு வராது. இங்கிலீஷ் சொல் நம் ஊரில் இடப்பெயராகிவிட்டால் அப்புறம் அதற்கு அகராதி உதவாது.

தமிழிலும் இதே கதைதான் என்பது ஆச்சரியம். நில் என்ற வேரிலிருந்து நிலை, நிலையம். சமஸ்கிருதத்தில் 'ஸ்தா' என்ற நிற்கும் வேரிலிருந்து ஸ்தானம், சமஸ்தானம். ராஜஸ்தானின் 'ஸ்தான்'கூட இதே உறவுதான். லத்தீனும் சமஸ்கிருதமும் பங்காளிகள் என்பதால் ஸ்டேட்டும் சமஸ்தானமும் ஒரே வேரின் இரண்டு கிளைகள். தமிழ் வேறு குடும்பம். ஆனாலும் நிற்பதிலிருந்தே நிலைக்கு வந்திருக்கிறது.

நிற்க. (பழைய கடிதங்களில் நலம் விசாரித்து முடித்ததும் 'நிற்க' என்று போட்டு விஷயத்துக்கு வருவார்களே, அந்த நிற்க.)

வெள்ளைக்காரன் காலத்தில் 'ஸ்டேட்' என்றால் ராஜா ஆளும் பிரதேசம். மெட்ராஸ், பம்பாய் எல்லாம் பிராவின்ஸ்கள். நம் வழக்கில் ராஜதானி, மாகாணம். திருவிதாங்கூர், கொச்சி, மைசூர், புதுக்கோட்டை எல்லாம் ஸ்டேட்கள், நம் வழக்கில் சமஸ்தானம். முதலில் 'நேட்டிவ் ஸ்டேட்' என்றார்கள், பிறகு 'இந்தியன் ஸ்டேட்'. கிங்டம் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். சாம்ராஜ்யத்துக்கு ஒரே ராஜா, அவர் லண்டனில் இருக்கிறார். இங்கே இருப்பவர்கள் எல்லாம் பிரின்ஸ், அவர்களை அழைப்பது ஹைனஸ், மெஜஸ்டி அல்ல. ஒரு சொல்லை உயர்த்துவது போல உயர்த்தி, ஒரு படி கீழே உட்கார வைக்கும் வித்தை.

திருவிதாங்கூர் விஷயத்தில் இன்னொரு வேடிக்கை. 1750-ல் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாப சுவாமிக்கு எழுதி வைத்துவிட்டு, தான் பத்மநாப தாசன் என்று ஆண்டார். பின்வந்தவர்களும் அப்படியே. ஆக, அந்த ஸ்டேட் லண்டன் பார்வையில் பிரிட்டிஷ் மேலாதிக்கத்துக்குக் கீழே. உள்ளூர் பார்வையில் சாமிக்குச் சொந்தம். நடுவில் ராஜா, திவான், ஜனங்கள். ஜனங்களுக்கு அதில் என்ன பங்கு என்ற கேள்வி மட்டும் ரொம்ப நாள் எழவில்லை.

எழுந்தது 1938-ல். அந்த பிப்ரவரி மாதத்தில் திருவனந்தபுரத்தில் இரண்டு 'ஸ்டேட்'கள் பிறந்தன.

ஒன்று, ஸ்டேட் பஸ். 1938 பிப்ரவரி 20 அன்று சித்திரைத் திருநாள் மகாராஜா திருவிதாங்கூர் ஸ்டேட் டிரான்ஸ்போர்ட்டைத் தொடங்கி வைத்தார். இதற்காக லண்டன் போக்குவரத்து நிறுவனத்திலிருந்து சால்ட்டர் என்பவரை வரவழைத்திருந்தார்கள். முதல் பஸ்ஸை அவரே ஓட்ட, மகாராஜாவும் குடும்பத்தினரும்தான் முதல் பயணிகள். அந்தப் பஸ்களின் வாரிசுதான் இன்றைய கேரள அரசுப் பேருந்து. சங்குக்கு இரு பக்கமும் யானை நிற்கும் முத்திரையால் 'ஆனவண்டி' என்று செல்லப் பெயர்.

இன்னொன்று, ஸ்டேட் காங்கிரஸ். அதே மாதம் ஹரிபுராவில் கூடிய இந்திய தேசிய காங்கிரஸ், சமஸ்தானங்களுக்குள் காங்கிரஸின் பெயரால் போராட்டம் வேண்டாம், அந்தந்த ஊர்க்காரர்களே அமைப்பு வைத்து நடத்திக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தது. திருவனந்தபுரத்தில் பட்டம் தாணுப்பிள்ளை தலைவராகத் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் உருவானது. கேட்டது பொறுப்பாட்சி, அதாவது ஜனங்களுக்குப் பதில் சொல்லும் அரசாங்கம். திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் அடக்குமுறையை அவிழ்த்துவிட்டார். ஆகஸ்டில் தலைவர்கள் கைதானார்கள். அந்த மாதக் கடைசியில் நெய்யாற்றின்கரையில் துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி.

கவனியுங்கள். பஸ்ஸில் இருந்த ஸ்டேட் என்றால் ராஜாவுடையது. காங்கிரஸில் இருந்த ஸ்டேட் என்றால் எங்களுடையது. ஒரே மாதம், ஒரே ஊர், ஒரே சொல், ஆனால் எதிர் எதிர்ப் பொருள்.

அடுத்த கரணம் 1947. பிரிட்டிஷ்காரர்கள் கிளம்புகிறார்கள், மேலாதிக்கம் காலாவதியாகிறது, ஆகவே திருவிதாங்கூர் சுதந்திர நாடு ஆகிவிடும் என்று 1947 ஜூன் 11 அன்று சி.பி. அறிவித்தார். பாகிஸ்தானுக்குப் பிரதிநிதி அனுப்புவதாகக்கூட அறிவிப்பு வந்தது. இப்போது 'ஸ்டேட்' என்றால் ஐக்கிய நாடுகள் சபையில் சொல்லும் பொருள்: தனி நாடு. இந்தப் பொருள் ஏழே வாரம்தான் நீடித்தது. ஜூலை 25 அன்று திருவனந்தபுரத்தில் ஒரு சங்கீத விழாவில் சி.பி.யை வெட்டினார்கள். உயிர் தப்பினார். மாதக் கடைசிக்குள் மகாராஜா இந்தியாவோடு இணையச் சம்மதித்துவிட்டார். ஆகஸ்டில் சி.பி. பதவியை விட்டுப் போனார்.

1949 ஜூலை 1 அன்று கொச்சியும் சேர்ந்து திருவிதாங்கூர்-கொச்சி ஆனது. 1950-ல் அரசியல் சட்டம் வந்தபோது, இந்தியா என்பது ஸ்டேட்களின் ஒன்றியம் என்று முதல் பிரிவிலேயே எழுதினார்கள். அன்றுதான் பிராவின்ஸ் என்ற சொல் விடைபெற்றது. மெட்ராஸும் ஸ்டேட், திருவிதாங்கூர்-கொச்சியும் ஸ்டேட். ஆனால் ஒரே வகுப்பு அல்ல. பழைய பிராவின்ஸ்கள் 'ஏ' ஸ்டேட், அங்கே கவர்னர். பெரிய சமஸ்தானங்கள் 'பி' ஸ்டேட், அங்கே ராஜப்பிரமுகர். சித்திரைத் திருநாள் மகாராஜாதான் ராஜப்பிரமுகர். ரயில் பெட்டி மாதிரி வகுப்பு பிரித்திருந்தார்கள் :-)

அதே சட்டத்தின் 12-ம் பிரிவில் 'ஸ்டேட்' என்றால் மத்திய அரசு, மாநில அரசு, நாடாளுமன்றம், சட்டசபை, உள்ளாட்சி அமைப்புகள் எல்லாம் அடங்கும். அடிப்படை உரிமை என்று வந்தால் உங்கள் ஊர்ப் பஞ்சாயத்தும் ஸ்டேட்தான். முதல் பிரிவில் ஒரு பொருள், 12-ம் பிரிவில் இன்னொரு பொருள். சட்டம் எழுதினவர்களுக்கே ஒரு பொருள் போதவில்லை.

இனி வருவதுதான் எங்கள் வீட்டைத் தொட்ட பகுதி.

திருவிதாங்கூரின் தெற்குத் தாலுகாக்களில் தமிழர்கள்தான் பெரும்பான்மை. மொழிவாரி ஸ்டேட் என்ற பேச்சு வந்ததும், தமிழ்த் தாலுகாக்கள் மெட்ராஸோடு சேர வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டது. நேசமணி அதன் பெரிய தலைவர், எங்கள் பக்கம் 'மார்ஷல் நேசமணி'. அவர்கள் கேட்டது ஒன்பது தாலுகா: தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர்.

1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் பலர் இறந்தார்கள். அன்றைக்கு திருவிதாங்கூர்-கொச்சியின் முதலமைச்சர் யார் தெரியுமா? பட்டம் தாணுப்பிள்ளை. 1938-ல் ஸ்டேட்டை எதிர்த்து ஸ்டேட் காங்கிரஸைத் தொடங்கியவர், 1954-ல் ஸ்டேட்டாகவே ஆகியிருந்தார். அவர் கட்சியின் பொதுச் செயலாளரான ராம் மனோகர் லோகியாவே அவரைப் பதவி விலகச் சொன்னார். அவர் விலகவில்லை. அவரை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் இந்தச் சொல் அவர்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது.

பஸல் அலி தலைமையில் அமைந்த மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955 செப்டம்பரில் அறிக்கை தந்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாக மெட்ராஸுக்குப் போயின. செங்கோட்டையின் ஒரு பகுதியும் போனது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவில் நின்றன. அங்கே தேயிலை எஸ்டேட்களில் தமிழர்கள் நிறையப் பேர். ஆனால் தோட்டத் தொழிலாளிகள் பிழைக்க வந்தவர்கள், இன்றைக்கு இருப்பார்கள் நாளைக்குப் போவார்கள் என்ற வாதம் எடுபட்டது. தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களுக்கு எஸ்டேட் இருந்தது, ஸ்டேட்டைத் தீர்மானிக்கும் கணக்கில் இடம் இல்லை. பிழைக்க வந்த ஊரில் வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கும் நமக்கு இந்த வரி கொஞ்சம் உறுத்த வேண்டும்.

எங்கள் பாட்டா தக்கலைப் பக்கம் சர்க்கார் பள்ளி வாத்தியார். அவர் தம்பி, எங்கள் சின்னப் பாட்டா, திருவனந்தபுரம் செயலகத்தில் குமாஸ்தா. இருவரும் ஒரே அரசாங்கத்தில் சம்பளம் வாங்கியவர்கள். 1956-ல் ஊழியர்களையும் இரண்டு ஸ்டேட்டுக்குமாகப் பிரித்தார்கள். அண்ணன் மெட்ராஸ் சர்வீஸ், தம்பி கேரளா சர்வீஸ். நடுவில் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்.

சின்னப் பாட்டா கரமனையில் வீடு எடுத்திருந்தார். 'வந்து குடியேறினவர்' என்று அவரை யாரும் சொல்லியதில்லை. திருவிதாங்கூர்க்காரர் திருவிதாங்கூரின் தலைநகரத்தில் இருந்தார், அவ்வளவுதான். 1956 அக்டோபர் 31 ராத்திரி படுத்து, காலையில் எழுந்தபோது அவர் 'மொழிச் சிறுபான்மை' ஆகியிருந்தார். சாலைக் கடைத்தெருவில் தமிழில் கணக்கு எழுதிய வியாபாரிகளுக்கும், கரமனை, வலியசாலைத் தெருக்களில் தலைமுறையாக இருந்தவர்களுக்கும் அதே கதைதான். களியக்காவிளைக்குத் தெற்கே மலையாளம் பேசியவர்களுக்கு இதே கதை தலைகீழாக நடந்தது, அதையும் சொல்லியாக வேண்டும். யாரும் ஒரு பெட்டிகூடக் கட்டவில்லை. சொல்தான் வீடு மாறியது.

சட்டம் இவர்களை மறக்கவில்லை. 1956-லேயே அரசியல் சட்டத்தில் 350ஏ சேர்த்து, சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க ஏற்பாடு செய்யச் சொன்னார்கள். கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசாங்கத்துக்குத் தங்கள் மொழியில் எழுதலாம் என்கிறது. ஆனால் சட்டம் ஒரு பக்கம், பிழைப்பு ஒரு பக்கம். சின்னப் பாட்டா பிள்ளைகள் மலையாளப் பள்ளிக்குப் போனார்கள். பேரப்பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள், வாசிக்கத் தெரியாது. தக்கலைப் பக்கத்துப் பேரப்பிள்ளைகளோ, பாட்டா வைத்துவிட்டுப் போன மலையாளப் பத்திரங்களை வாசிக்க ஆள் தேடினார்கள். அண்ணன் தம்பி இருவரும் இரண்டு மொழியும் எழுதியவர்கள். இரண்டு தலைமுறைக்குள் ஆளுக்கொரு மொழிதான் மிச்சம்.

அப்பா படிக்கத் திருவனந்தபுரம் வந்து, சின்னப் பாட்டா வீட்டில் தங்கி, அங்கேயே வேலையும் கிடைத்து நின்றுவிட்டார். எழுபதுகளின் கடைசியில் ஓர் அலுவலகத்தில் (பெயர் வேண்டாம்) ஏதோ சான்றிதழ் கேட்டுப் போயிருக்கிறார். நேட்டிவிட்டி இல்லாமல் கேரளாவில் காரியம் நடக்காது என்பது தெரிந்ததுதானே. குமாஸ்தா காகிதத்தைப் பார்த்துவிட்டு, "நிங்கள் வேறே ஸ்டேட் அல்லே?" என்றாராம். அப்பா, "சாரே, ஞான் ஜனிக்கும்போள் என் ஸ்டேட்டின் தலைநகரம் இந்த ஊர்தான்" என்று பாதி மலையாளத்தில் சொல்லியிருக்கிறார். குமாஸ்தா சிரித்துவிட்டார். காரியம் நடந்ததா? அடுத்த வாரம் வரச் சொன்னாராம்.

இப்போது அந்தப் பஸ்ஸையும் பாங்கையும் கொஞ்சம் பார்ப்போம்.

1938-ல் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் போனால் ஸ்டேட்டுக்குள்ளேயே பயணம். 1956 நவம்பருக்குப் பிறகு அதே ரோட்டில் போகும் அதே பஸ் 'இன்டர்ஸ்டேட்'. பர்மிட், ஒப்பந்தம், செக்போஸ்ட் எல்லாம் வந்தன. இங்கே அமெரிக்காவில் ஐசனோவர் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டதும் அதே 1956-ல்தான். அங்கே ஸ்டேட்களை ஒட்ட ஒரு ரோடு போட்டார்கள். எங்கள் ஊரில் இருந்த ரோட்டின் நடுவே ஸ்டேட்டைப் போட்டார்கள்.

பாங்கு கதை இன்னும் நல்லது. 1945-ல் சமஸ்தானத்தின் ஆதரவோடு டிராவன்கூர் பாங்க் தொடங்கியது. திருவிதாங்கூர் ஸ்டேட் உயிரோடு இருந்த காலம், ஆனால் பெயரில் ஸ்டேட் கிடையாது. 1955-ல் இம்பீரியல் பாங்க், ஸ்டேட் பாங்க் ஆஃப் இந்தியா ஆனது. 1960-ல் டிராவன்கூர் பாங்க் அதன் துணை வங்கியாகி, ஸ்டேட் பாங்க் ஆஃப் டிராவன்கூர் என்று பெயர் பெற்றது. அதாவது டிராவன்கூர் என்ற ஸ்டேட் காணாமல் போன பிறகு, 'ஸ்டேட்'டும் 'டிராவன்கூர்'உம் ஒரே பலகையில் ஏறின. ஆனால் அந்த ஸ்டேட் டிராவன்கூர் அல்ல, டெல்லி! 2017 ஏப்ரல் 1 அன்று தாய் வங்கியோடு இணைந்து அந்தப் பலகையும் இறங்கியது. தமிழில் 'பாரத ஸ்டேட் வங்கி' என்றுதான் எழுதுகிறார்கள். பாரதத்தையும் வங்கியையும் போட்டவர்கள் நடுவில் இருப்பதைத் தொடவில்லை. எந்தப் பொருளைப் போடுவது என்று யோசித்தால் தெரியும் சிரமம்.

தமிழும் மலையாளமும் அந்தச் சிரமத்தை வேறு வேறு விதமாகச் சமாளித்தன. மலையாளத்தில் இன்றும் ஸ்டேட் என்றால் சம்ஸ்தானம். ராஜா காலத்துச் சொல்லையே ஜனநாயகத்துக்கும் வைத்துக்கொண்டார்கள். தமிழில் சமஸ்தானம் என்றால் ராஜா, பல்லக்கு, வித்வான் எல்லாம் நினைவுக்கு வரும். நாம் அதைப் பெட்டியில் பூட்டிவிட்டு, ஐம்பதுகளில் கொஞ்ச காலம் 'சென்னை ராஜ்யம்' என்று சொல்லிப் பார்த்து, கடைசியில் 'மாநிலம்' என்ற சொல்லுக்கு வந்தோம். பழைய இலக்கியத்தில் மாநிலம் என்றால் பெரிய நிலம், இந்த உலகம் முழுவதும். உலகத்துக்கு இருந்த சொல்லைச் சுருக்கி ஸ்டேட்டுக்குக் கொடுத்திருக்கிறோம். மெட்ராஸ் ஸ்டேட்டுக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கக் கேட்டு உண்ணாவிரதம் இருந்த சங்கரலிங்கனார் 1956 அக்டோபர் 13 அன்று உயிர்விட்டார். 1969 ஜனவரியில்தான் அந்தப் பெயர் நடைமுறைக்கு வந்தது. ஸ்டேட்டின் பெயர் என்பது பலகை எழுதும் சமாச்சாரம் மட்டும் அல்ல.

மலையாளத்தில் இன்னொரு மாற்றமும் நடந்தது. வங்காளம், ஒடிசா, அஸ்ஸாமிலிருந்து வேலைக்கு வந்தவர்களைப் பத்திரிகைகள் 'அன்ய சம்ஸ்தானத் தொழிலாளி' என்று எழுதின. அன்ய என்றால் நம்மவர் அல்லாத. அது சரியில்லை என்று 'இதர சம்ஸ்தான' என்றார்கள், அதாவது மற்ற. பிறகு அரசாங்கமே 'அதிதித் தொழிலாளி' என்று சொல்லத் தொடங்கியது, விருந்தாளித் தொழிலாளி. பாதி ஜனம் வளைகுடாவில் விருந்தாளியாக இருக்கும் ஊருக்கு அந்த வித்தியாசம் புரிந்திருக்கிறது.

இலங்கைத் தமிழ் நண்பர்களுக்கு இந்தச் சொல் இன்னும் பாரமானது. இந்தியாவில் தனி ஸ்டேட் கேட்பது சட்டத்துக்கு உட்பட்ட கோரிக்கை. தெலங்கானா கேட்டு, 2014-ல் வாங்கியும் விட்டது. இலங்கையில் 1983-ன் ஆறாவது திருத்தம், தனி 'ஸ்டேட்' கேட்க மாட்டேன் என்று பதவி ஏற்பவர்களைச் சத்தியம் செய்ய வைக்கிறது. அங்கே ஸ்டேட் என்றால் தனி நாடு. இந்திய ஸ்டேட்டுக்கு அங்குள்ள சொல் மாகாணம். 1949-ல் செல்வநாயகம் தொடங்கிய கட்சிக்குத் தமிழில் தமிழரசுக் கட்சி, இங்கிலீஷில் ஃபெடரல் பார்ட்டி. அரசு என்ற தமிழ்ச் சொல்லுக்கு அரசாங்கம், ஸ்டேட் என்று இரண்டு பொருளும் உண்டே, பிடித்துக்கொண்டார்கள். கூட்டாட்சி கேட்பது தனி நாடு கேட்பது ஆகாது என்று இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2017 ஆகிவிட்டது. ஒரு சொல்லின் இரண்டு பொருளுக்கு நடுவில் அந்தத் தீவில் எத்தனை பேர் போனார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

இங்கே அமெரிக்காவுக்கு வந்தால், நாட்டின் பெயரிலேயே ஸ்டேட்ஸ். ஐம்பதில் நான்கு (பக்கத்து வீட்டுப் பென்சில்வேனியா உட்பட) தங்களை ஸ்டேட் என்று சொல்லிக்கொள்ளாமல் காமன்வெல்த் என்கின்றன. ஸ்டேட் டிபார்ட்மென்ட் என்பதோ வெளிநாட்டு விவகாரத் துறை. நம் விசா வரிசை எவ்வளவு நகர்ந்தது என்று மாதாமாதம் சொல்பவர்கள். பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும்போது 'இன்ஸ்டேட்'டா 'அவுட் ஆஃப் ஸ்டேட்'டா என்பதில் ஃபீஸ் எக்கச்சக்கமாக மாறும். இங்கே இன்ஸ்டேட் ஆவதற்குப் பெரும்பாலும் அந்த ஸ்டேட்டில் ஒரு வருஷமாவது வசித்திருப்பதைக் காட்டினால் போதும். சின்னப் பாட்டாவுக்கு ஆயுள் முழுக்க வசித்தும் அந்தச் சந்தேகம் தீரவில்லை.

இதையெல்லாம் எழுதக் காரணம் உண்டு. இங்கே வளரும் நம் பிள்ளைகள் ஒரு நாள் கேட்பார்கள், "நமக்கு இந்தியாவில எந்த ஸ்டேட்?" என்று. பட்டியலில் இருக்கும் பெயரைச் சொல்லி முடித்துவிடலாம். அப்படி முடிக்க வேண்டாம் என்பதுதான் நான் சொல்ல வருவது. கன்னியாகுமரி, செங்கோட்டை, மூணாறு, பாலக்காடு, சித்தூர், திருத்தணி, கோலார், ஓசூர் என்று எந்த எல்லையோரத்து வீட்டை எடுத்தாலும், வீடு ஒன்றாகவும் ஸ்டேட் பலவாகவும் இருக்கும். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் பிறந்தபோது அந்த ஊர் எந்த ஸ்டேட்? பள்ளிச் சான்றிதழ் எந்த மொழியில்? நிலப்பத்திரம் எந்த எழுத்தில்? அதை இன்று வாசிக்க வீட்டில் ஆள் உண்டா? 'வேறு ஸ்டேட்காரன்' என்று இன்னொருவனைச் சொல்லுமுன் இந்த நான்கு பதிலும் கையில் இருந்தால் நாக்கு கொஞ்சம் நிதானிக்கும்.

எங்கள் தக்கலைப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது, திருவிதாங்கூரின் பழைய தலைநகரம். இருக்கும் இடம் தமிழ்நாடு, அரண்மனையைப் பராமரிப்பது கேரள அரசு. ஒரு ஸ்டேட்டுக்குள் இன்னொரு ஸ்டேட்டின் வீடு. ஒவ்வொரு நவராத்திரிக்கும் அங்கிருந்து சரஸ்வதியும், வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னூற்று நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போகிறார்கள். களியக்காவிளையில் கேரள போலீஸ் மரியாதை செய்து வரவேற்கிறது. பூஜை முடிந்ததும் அதே வழியில் திரும்புகிறார்கள். ராஜாவின் ஸ்டேட், பி ஸ்டேட், இன்றைய ஸ்டேட் எல்லாவற்றிலும் அந்த ஊர்வலம் நடந்திருக்கிறது. அந்த மூன்று பேரிடமும் நேட்டிவிட்டி சர்டிஃபிகேட் மட்டும் இதுவரை யாரும் கேட்டதில்லை.